அரே எழவில்லையா, டிஸ்க் கழன்றதா: எம்டிஏடிஎம் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை ரெய்டு; அப்படிச் சேர்ந்த தொகுதிதான் அரே. லினக்ஸில் தனி ரெய்டு கார்டு இல்லாமல் கெர்னலே நடத்தும் டிஸ்க் அரேக்கு எம்டிஏடிஎம்தான் கருவி. சைனாலஜி போன்ற நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ்) பெட்டிகளுக்குள்ளும் ஓடுவது இதே எம்டி டிரைவர்தான். பச்சை விளக்கு எரியும்வரை யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. சிவப்பானதும் டெர்மினல்தான் கதி.

இங்குள்ள எடுத்துக்காட்டுகளில் அரேயின் பெயர் /டெவ்/எம்டி0. எஸ்டிபி1 முதல் எஸ்டிஇ1 வரை நான்கு பார்ட்டிஷன்கள், ரெய்டு 5 (டேட்டாவிலிருந்து கணக்கிட்ட பாரிட்டி என்ற துண்டையும் சேர்த்து எழுதுவதால் ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை). கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ரூட்டாக நுழைந்து ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

டிஸ்க் செத்ததால் டேட்டா போன கதைகளைவிட, டிஸ்க் செத்த பதற்றத்தில் அடித்த அடுத்த கட்டளையால் போன கதைகளே அதிகம். அதனால் டிஸ்க்கில் எதையும் எழுதாத, வெறுமனே படிக்கும் கட்டளைகளை முதலில் ஓட்டுங்கள்:

`கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்`
`எம்டிஏடிஎம் --டீடெயில் /டெவ்/எம்டி0`
`எம்டிஏடிஎம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டி[பி-இ]1`
`டிமெஸ்ஜி -டி` (டி பெரிய எழுத்து)
`ஸ்மார்ட்சிடிஎல் -எக்ஸ் /டெவ்/எஸ்டிபி` (ஒவ்வொரு டிஸ்க்குக்கும்)

வெளியீட்டை ஒரு பென்டிரைவிலோ வேறு கம்ப்யூட்டரிலோ சேமியுங்கள். அரேயிலேயே சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது. எக்ஸாமின் தரும் ஐந்து விவரங்கள் பொன்: டிவைஸ் ரோல் (அரேயில் டிஸ்க்கின் இடம்), டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்கும் இடம்), சங்க் சைஸ் (டிஸ்க்குகளுக்குப் பிரித்து எழுதும் துண்டின் அளவு), லேஅவுட் (துண்டுகள் பரவியிருக்கும் முறை), ஈவென்ட்ஸ் (அரேயில் மாற்றம் பதியும்போது ஏறும் எண்). மற்ற எல்லாம் கைவிட்டாலும் இந்த ஐந்தும் கையில் இருந்தால் அரேயைத் திரும்பக் கட்ட வழி உண்டு. அரே நன்றாக இருக்கும் நாளிலேயே எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கூடவே `எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்` ஓட்டி எந்தப் பெயர் எந்த சீரியல் நம்பர் என்று குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறக்கூடியவை. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள சீரியல் மாறாது. நல்ல டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு விழிக்கும் விபத்து பெரும்பாலும் பெயரை நம்பியதால்தான் வருகிறது.

எம்டிஸ்டாட்டில் `[4/3] [யூ_யூயூ]` என்று இருந்தால் நான்கில் மூன்று வேலை செய்கின்றன, ஒன்று இல்லை. கோடு நிற்கும் இடம் ரோல் வரிசைப்படியே தவிர, ஏ, பி, சி வரிசைப்படி அல்ல. எந்த டிஸ்க் என்பதை டீடெயிலின் ரெய்டுடிவைஸ் பத்தியில் பாருங்கள்.

## ஒரு டிஸ்க்குக்குப் பக்கத்தில் (எஃப்), அரே டிகிரேடட்

(எஃப்) என்றால் ஃபால்ட்டி, அதாவது கழற்றப்பட்ட டிஸ்க்; டிகிரேடட் என்றால் டிஸ்க் குறைவாக ஓடும் அரே. கெர்னலின் லாகான டிமெஸ்ஜியில் இப்படி ஒரு வரி இருக்கும்: `எம்டி/ரெய்டு:எம்டி0: டிஸ்க் ஃபெயிலியர் ஆன் எஸ்டிடி1, டிசேபிளிங் டிவைஸ்`. இது தீர்ப்புதான். குற்றம் என்ன என்பது இதற்கு முந்தைய இருபது முப்பது வரிகளில் இருக்கும். அதைப் படிக்காமல் புது டிஸ்க் வாங்க ஓட வேண்டாம்.

ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் எம்டி ஒரு டிஸ்க்கை உடனே வெளியேற்றாது. மற்ற டிஸ்க்குகளில் இருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு, அதே இடத்தில் திரும்ப எழுதிப் பார்க்கும். அந்த எழுத்தும் தோற்றால்தான் (எஃப்). அல்லது டிஸ்க்கே காணாமல் போயிருக்க வேண்டும். இதை மனதில் வைத்து, ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் ஸ்மார்ட் அட்டவணையை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணி வைக்கும் பட்டியல்) பாருங்கள்.

5 (மாற்றப்பட்ட செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் காத்திருப்பவை), 198 (சரிசெய்ய முடியாதவை) ஆகிய வரிகளின் எண்கள் ஏறியிருந்தால் டிஸ்க்கின் மேற்பரப்பே கெட்டுக்கொண்டிருக்கிறது, மாற்றுங்கள். 199 (கேபிள் வழிப் பிழைகள்) மட்டும் ஏறியிருக்கிறது, டிமெஸ்ஜியில் `ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்` திரும்பத் திரும்ப வருகிறது என்றால் குற்றவாளி சாட்டா கேபிளோ பேக்பிளேனோதான். கேபிளை மாற்றிய பிறகும் 199 பூஜ்யத்துக்கு இறங்காது. அது ஆயுள் கணக்கு. இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்து ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்புவது. ஸ்மார்ட் கிட்டத்தட்ட சுத்தம், 199 அசையவில்லை, ஆனாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு டிஸ்க் கழல்கிறது. அநேகமாக டெஸ்க்டாப் ரக டிஸ்க்குகளை அரேயில் போட்டிருப்பீர்கள். இந்த ரகம் ஒரு கடினமான செக்டரைப் படிக்க ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று முட்டிப் பார்க்கும். கெர்னலின் பொறுமை 30 விநாடிதான். அது முடிந்ததும் லிங்க்கை ரீசெட் செய்யும். டிஸ்க் இன்னும் உள்ளே முட்டிக்கொண்டே இருப்பதால் பதில் வராது. எம்டி திரும்ப எழுத முயலும், அதுவும் தோற்கும், டிஸ்க் வெளியே. ஒரேயொரு மோசமான செக்டருக்காக 4 டிபி டிஸ்க் முழுவதும் தள்ளப்படுகிறது.

தீர்வு, டிஸ்க்கின் பொறுமையைக் கெர்னலின் பொறுமையைவிடக் குறைப்பது:

`ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி,70,70 /டெவ்/எஸ்டிபி`

70 என்பது விநாடியில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. அதாவது 7 விநாடி. சில டிஸ்க்குகளில் இந்த வசதியே இருக்காது, `நாட் சப்போர்ட்டட்` என்று சொல்லும். அவற்றுக்குத் தலைகீழாக, கெர்னலின் பொறுமையைக் கூட்டுங்கள்:

`எக்கோ 180 > /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டைம்அவுட்`

இரண்டுமே மின்சாரம் போய் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். யுடெவ் விதியிலோ, பூட்டில் ஓடும் ஸ்கிரிப்டிலோ போட்டு வையுங்கள். நாஸுக்கென்றே விற்கும் டிஸ்க்குகளில் 7 விநாடி பெரும்பாலும் தயாராகவே வரும். அந்த ரகத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதும்) டிஸ்க்குகளும் இதே வேஷம் போடும். ரீபில்ட் பாதி தூரம் நன்றாக ஓடி, பிறகு எழுதும் வேகம் பாதாளத்துக்குப் போய், டைம்அவுட் ஆகிக் கழலும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்டது. பிறகு அப்படி ஏற்றி எழுதாத சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று பிரித்தது. பழைய டிஸ்க்கை விலைக்கு வாங்கும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வரை சரிபாருங்கள். பாரிட்டி ரெய்டில் எஸ்எம்ஆர் போடவே வேண்டாம்.

காரணம் கேபிள் அல்லது டைம்அவுட் என்று உறுதியானால் அதே டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கலாம்:

`எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரிமூவ் /டெவ்/எஸ்டிடி1`
`எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரீ-ஆட் /டெவ்/எஸ்டிடி1`

அரேயில் பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு) இருந்தால் இடையில் மாறிய பகுதிகளை மட்டும் ஒத்திசைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடும். பிட்மேப் இல்லையென்றால் ரீ-ஆட் மறுக்கப்படும். `--ஆட்` கொடுத்து முழு ரீபில்ட்தான். எம்டிஸ்டாட்டில் `பிட்மேப்:` என்ற வரி இல்லாவிட்டால், அரே நல்ல நிலைக்கு வந்ததும் `எம்டிஏடிஎம் --குரோ /டெவ்/எம்டி0 --பிட்மேப்=இன்டர்னல்` ஓட்டிவிடுங்கள்.

## டிஸ்க் இன்னும் ஓடுகிறது, ஆனால் 197 ஏறிக்கொண்டே போகிறது

கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடுவதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. ரெய்டு 5இல் அது ஆபத்தான வழி. பிடுங்கிய கணத்திலிருந்து ரீபில்ட் முடியும்வரை உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. மீதி மூன்று டிஸ்க்குகளில் ஒன்றில் படிக்க முடியாத ஒரு செக்டர் ஒளிந்திருந்தாலும் அங்கேயே சிக்கும்.

ஒரு போர்ட் காலியாக இருந்தால் புது டிஸ்க்கை அதில் மாட்டி, ரீப்ளேஸ் பயன்படுத்துங்கள்:

`எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிஎஃப்1`
`எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரீப்ளேஸ் /டெவ்/எஸ்டிடி1 --வித் /டெவ்/எஸ்டிஎஃப்1`

பழைய டிஸ்க் அரேக்குள் இருந்தபடியே புதியதற்கு நகலாகும். அதில் படிக்க முடியாத இடங்களுக்கு மட்டும் மற்றவற்றின் பாரிட்டி உதவும். முடிந்ததும் பழையது தானாக (எஃப்) ஆகும். இதை விட்டுவிட்டு `--ஃபெயில்` அடிக்க ஒரே நியாயம், காலி போர்ட் இல்லை என்பதுதான்.

புது டிஸ்க்குக்குப் பார்ட்டிஷன் பிரிப்பதில் ஒரு பொறி உண்டு. ஜிபிடி அட்டவணையை (டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியல்) நகலெடுக்க:

`எஸ்ஜிடிஸ்க் -ஆர் /டெவ்/எஸ்டிஎஃப் /டெவ்/எஸ்டிபி`
`எஸ்ஜிடிஸ்க் -ஜி /டெவ்/எஸ்டிஎஃப்`

ஆரும் ஜியும் பெரிய எழுத்து. முதலில் வருவது புது டிஸ்க். அட்டவணை எங்கிருந்து வருகிறதோ அது கடைசியில். சிபி கட்டளை பழகிய கை இதைத் தலைகீழாகத்தான் அடிக்கும், அடித்தால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை காலி. எண்டர் தட்டும் முன் சீரியல் நம்பரோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். இரண்டாவது வரி புது டிஸ்க்குக்குப் புது அடையாள எண்களைத் தருகிறது; அதை விட்டால் இரண்டு டிஸ்க்குகள் ஒரே அடையாளத்தோடு திரியும்.

`நாட் லார்ஜ் எனஃப் டு ஜாயின் அரே` என்று வந்தால், புது டிஸ்க் சில எம்பி சிறியது. பெட்டியில் ஒரே 4 டிபி என்று போட்டிருந்தாலும் செக்டர் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். அரேயை முதலில் கட்டும்போதே பார்ட்டிஷன் கடைசியில் 100 எம்பி விட்டுவைப்பது இதற்காகத்தான்.

## ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் போய்விட்டது

ஒரே நிமிடத்தில் இரண்டு டிஸ்க்குகள் சேர்ந்து சாவது மிக அரிது. ஒரே பவர் கேபிளில் தொங்குபவையா, ஒரே கன்ட்ரோலரில் இருப்பவையா, எஸ்எம்பிஎஸ் தள்ளாடுகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, கேபிள்களை மாற்றி, ஒரே ஒருமுறை ஏற்றுங்கள். விடாமல் ரீபூட் செய்து பார்ப்பது சாகப்போகிற டிஸ்க்கை விரைவாகச் சாகடிக்கும்.

இப்போது எக்ஸாமினில் ஈவென்ட்ஸ் எண்ணையும் அப்டேட் டைமையும் நான்கிலும் ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு இப்படி இருக்கிறது என்று கொள்வோம்:

எஸ்டிபி1: 48213
எஸ்டிசி1: 48213
எஸ்டிடி1: 48209
எஸ்டிஇ1: 31077

கதை இதிலேயே இருக்கிறது. எஸ்டிஇ1 வெகுநாள் முன்பே கழன்றுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. இன்று விழுந்தது எஸ்டிடி1. அது நான்கே ஈவென்ட் பின்தங்கியிருக்கிறது. ஆகவே பழைய எஸ்டிஇ1ஐத் தொடாமல், மற்ற மூன்றை மட்டும் வற்புறுத்தி எழுப்ப வேண்டும்:

`எம்டிஏடிஎம் --ஸ்டாப் /டெவ்/எம்டி0`
`எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஃபோர்ஸ் /டெவ்/எம்டி0 /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1 /டெவ்/எஸ்டிடி1`

ஃபோர்ஸ் பின்தங்கிய டிஸ்க்கின் ஈவென்ட் எண்ணை மற்றவற்றுக்குச் சமமாக்கி உள்ளே விடுகிறது. வித்தியாசம் ஒற்றை, இரட்டை இலக்கம் என்றால் இழப்பு அநேகமாக விழுந்த கணத்தில் எழுதிக்கொண்டிருந்த ஓரிரு ஃபைல்களோடு நிற்கும். ஆயிரக்கணக்கில் பின்தங்கிய டிஸ்க்கை இப்படி உள்ளே விட்டால் பழைய துண்டும் புதிய துண்டும் கலந்து ஃபைல் சிஸ்டம் கந்தலாகும்.

எழுந்ததும் முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்து முக்கியமானவற்றை வெளியே நகலெடுங்கள். இஎக்ஸ்டி4 என்றால் `எஃப்எஸ்சிகே -என்` சேதத்தை எழுதாமல் காட்டும். நகல் பத்திரமான பிறகுதான் எஸ்டிஇ1ஐ `--ஆட்` செய்து ரீபில்ட். விழுந்த எஸ்டிடியில் 197 இரட்டை இலக்கத்தில் இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு: டிடிரெஸ்க்யூ கொண்டு அதை ஒரு புது டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகலை வைத்து அசெம்பிள் செய்யுங்கள்.

## பூட்டுக்குப் பின் `இன்ஆக்டிவ்`, எல்லா டிஸ்க்கும் (எஸ்)

பார்க்கப் பயமாக இருக்கும், நோயோ சின்னது. எஸ் என்றால் ஸ்பேர் (சும்மா காத்திருக்கும் உபரி டிஸ்க்) என்று படித்து, டேட்டா டிஸ்க் எல்லாம் ஸ்பேராகிவிட்டதே என்று அலறுவார்கள். அரே ஓடாதபோது எல்லா டிஸ்க்கையும் அது அப்படித்தான் காட்டும். ரோல் விவரம் எக்ஸாமினில் பத்திரமாக இருக்கும். ஒரு டிஸ்க் மெதுவாகச் சுழன்று தாமதமாக வந்திருக்கலாம், அல்லது ஒன்று வரவேயில்லை. `--ஸ்டாப்` கொடுத்து, `எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஸ்கேன் --வெர்போஸ்` ஓட்டுங்கள். எந்த டிஸ்க்கை ஏன் ஒதுக்கியது என்று வெர்போஸ் வரிக்கு வரி சொல்லும். ஒரு டிஸ்க் உண்மையிலேயே இல்லை, டிகிரேடடாகவே ஓடட்டும் என்றால் `எம்டிஏடிஎம் --ரன் /டெவ்/எம்டி0`.

இதே காரணத்தால் சிஸ்டமே எமர்ஜென்சி மோடில் நின்றால், எஃப்எஸ்டேபில் அந்த வரிக்கு `நோஃபெயில்` சேர்த்துவிடுங்கள். டேட்டா அரே வரவில்லை என்பதற்காக எஸ்எஸ்எச் கூட வராமல் நிற்க வேண்டியதில்லை.

`கெனாட் ஸ்டார்ட் டர்ட்டி டிகிரேடட் அரே` என்பது வேறு விஷயம். டிகிரேடடாக ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. பாரிட்டி பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கலாம் என்பதால் கெர்னல் தானாக ஏற்ற மறுக்கிறது, நியாயமான மறுப்பு. `--அசெம்பிள் --ஃபோர்ஸ்` ஏற்றும். ஏற்றிய கையோடு ஃபைல் சிஸ்டத்தைச் சோதியுங்கள்.

## எம்டி0 காணோம், எம்டி127 வந்திருக்கிறது

டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்டின்போது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட்டில் கெர்னல் முதலில் ஏற்றும் சிறு ஃபைல் தொகுப்பு) இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் இந்த அரே இல்லை, அல்லது ஹோஸ்ட்நேம் மாறிவிட்டது. அதனால் வெளியூர் அரே என்று நினைத்து 127இலிருந்து எண் கொடுக்கிறது.

`எம்டிஏடிஎம் --டீடெயில் --ஸ்கேன் >> /இடிசி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கான்ஃப்`
`அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ`

இது டெபியன், உபுண்டுக்கு. ரெட்ஹாட் குடும்பத்தில் ஃபைல் நேரடியாக /இடிசி/எம்டிஏடிஎம்.கான்ஃப், இரண்டாவது கட்டளை `டிராகட் -எஃப்`. இந்த இரண்டாவது வரியை மறப்பவர்கள்தான் கான்ஃபிக் சரியாகத்தானே இருக்கிறது என்று திரும்பத் திரும்ப வந்து கேட்பவர்கள். ஃபைலைத் திறந்து, பழைய அரே வரி இரட்டையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்டேபில் எப்படியும் எம்டி எண்ணை எழுதாமல் யுயுஐடி எழுதினால் இந்தத் தலைவலியே பாதி குறையும்.

## `டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி`

ஏதோ ஒன்று டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்எஸ்பிஎல்கே மரத்தைப் பாருங்கள்: பெரும்பாலும் பழைய சூப்பர்பிளாக்கை (டிஸ்க்கில் அரேயின் விவரம் பதிந்த பகுதி) கண்டு தானாக எழுந்த ஒரு எம்டி127, இல்லையென்றால் எல்விஎம் அல்லது மதர்போர்டு ரெய்டின் மிச்சம், அல்லது மல்டிபாத். பிடித்திருப்பதை நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். பழைய அரே இனி வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருந்தால் மட்டும் `--ஜீரோ-சூப்பர்பிளாக்`, பிறகு `வைப்எஃப்எஸ் -ஏ`. இவை இரண்டுக்கும் மீட்பு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## ரீபூட் செய்ததும் சூப்பர்பிளாக்கே இல்லை

எக்ஸாமின் `நோ எம்டி சூப்பர்பிளாக் டிடெக்டட்` என்கிறது. நேற்றுவரை ஓடிய அரே. அரேயைப் பார்ட்டிஷன் இல்லாமல் முழு டிஸ்க்கில் கட்டியிருந்தீர்களா? அப்படியென்றால் நடந்தது இதுவாக இருக்கலாம்.

மெட்டாடேட்டா 1.2 வகையில் சூப்பர்பிளாக் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4096ஆவது பைட்டில் உட்காருகிறது. ஜிபிடி அட்டவணையின் பதிவுகள் 1024ஆவது பைட்டிலிருந்து 17408 வரை. இரண்டும் ஒரே இடம். டிஸ்க்கில் எப்போதோ ஜிபிடி இருந்து, அதைச் சரியாகத் துடைக்காமல் அரே கட்டியிருந்தால், ஜிபிடியின் காப்பு நகல் டிஸ்க்கின் கடைசியில் அப்படியே இருக்கும். சில மதர்போர்டுகளின் யுஇஎஃப்ஐ (பூட்டைத் தொடங்கும் ஃபர்ம்வேர்) அதைக் கண்டு, முன்பக்கம் கெட்டுவிட்டது என்று நல்லெண்ணத்தோடு சரிசெய்யும். சூப்பர்பிளாக் காலி. டேட்டாவோ பல எம்பி தள்ளி ஆரம்பிப்பதால் தொடப்படாமல் இருக்கும்.

மூன்று டிஸ்க்கில் சூப்பர்பிளாக் தப்பியிருந்தால் அவற்றை அசெம்பிள் செய்து, நான்காவதை வைப்எஃப்எஸ் போட்டு, பார்ட்டிஷன் பிரிக்காமலேயே `--ஆட்` செய்யலாம். இரண்டோ அதற்கு மேலோ போயிருந்தால் மிஞ்சியது `--கிரியேட் --அசூம்-கிளீன்` மட்டுமே. இதை உண்மையான டிஸ்க்கின் மேல் நேரடியாக ஓட்டவே கூடாது. முதலில் ஓவர்லே போடுங்கள். எழுதுவது எல்லாம் தனி ஃபைலுக்குப் போகும், டிஸ்க் தொடப்படாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும்:

`ட்ரங்கேட் -எஸ் 20ஜி /மீட்பு/பி.ஓவி` (ஜி பெரிய எழுத்து)
`லோசெட்டப் -எஃப் --ஷோ /மீட்பு/பி.ஓவி`
`பிளாக்டெவ் --கெட்எஸ்இசட் /டெவ்/எஸ்டிபி`
`எக்கோ "0 அளவு ஸ்னாப்ஷாட் /டெவ்/எஸ்டிபி /டெவ்/லூப்0 பி 8" | டிஎம்செட்டப் கிரியேட் ஓவிபி`

'அளவு' என்ற இடத்தில் மூன்றாவது வரி தந்த எண். 8க்கு முன்னுள்ள பி பெரிய எழுத்து, பெர்சிஸ்டெண்ட் என்பதன் முதலெழுத்து. நான்கு ஓவர்லேயும் தயாரானதும்:

`எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி9 --அசூம்-கிளீன் --மெட்டாடேட்டா=1.2 --லெவல்=5 --சங்க்=512 --டேட்டா-ஆஃப்செட்=132096 --ரெய்டு-டிவைசஸ்=4` என்று அடித்து, ஓவர்லேக்களை ரோல் வரிசையில் கொடுங்கள்.

இங்கே கால் வழுக்கும் இடங்கள் மூன்று. எக்ஸாமின் ஆஃப்செட்டை 512 பைட் செக்டர் கணக்கில் காட்டும், உதாரணமாக 264192; கட்டளையோ கேபி கணக்கில் கேட்கும். ஆகவே பாதியாக்கி 132096. இரண்டாவது, இந்த ஆஃப்செட்டைச் சொல்லாமல் விட்டால் இன்றைய பதிப்பு தன் சொந்த எண்ணைப் போடும். பழைய பதிப்பில் கட்டிய அரேயோடு அது பொருந்தாது. மூன்றாவது, சங்க் அளவு: இப்போது இயல்பாக 512 கேபி, மிகப் பழைய அரேக்களில் 64 கேபி. வரிசை தவறினால் மவுண்ட் ஆகாது. அப்போது எம்டி9ஐ நிறுத்தி, ஓவர்லேக்களைக் கலைத்து, அடுத்த வரிசையை முயலுங்கள். டிஸ்க் நான்கு என்றால் 24 வரிசைகள்தான். மவுண்ட் ஆனதும் பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்து பாருங்கள். சங்க் அளவைவிடச் சிறிய ஃபைல் தப்பான வரிசையிலும் தற்செயலாகத் திறக்கும்.

அடுத்த அரேயைப் பார்ட்டிஷன் மேல் கட்டுங்கள்.

## ரீபில்ட் நகரவே மாட்டேன் என்கிறது

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளலாம். 4 டிபி டிஸ்க், சராசரி 150 எம்பி வேகம் என்றால் ஏழரை மணி நேரம். அரேயை வேறு யாரும் தொடாதபோது இது. கெர்னல் ரீபில்டுக்கு உறுதியளிக்கும் குறைந்தபட்சம் விநாடிக்கு 1000 கேபிதான். வேறு வேலை இருந்தால் அதுவரை இறங்கிக் கொடுக்கும்.

`சிஸ்சிடிஎல் -டபிள்யூ டெவ்.ரெய்டு.ஸ்பீட்_லிமிட்_மின்=50000`

ரெய்டு 5, 6இல் ஸ்ட்ரைப் கேஷை ஏற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். இயல்பு 256:

`எக்கோ 8192 > /சிஸ்/பிளாக்/எம்டி0/எம்டி/ஸ்ட்ரைப்_கேஷ்_சைஸ்`

இது தின்னும் மெமரி: 8192 × 4 கேபி × 4 டிஸ்க் = 128 எம்பி. சின்ன நாஸில் பார்த்துப் போடுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லையா? `ஐஓஸ்டாட் -எக்ஸ் 5` ஓட்டுங்கள். ஒரேயொரு டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் திணறி, மற்றவை சும்மா இருந்தால் அந்த ஒன்றுதான் நோயாளி. `ரீசிங்க்=பெண்டிங்` என்று நின்றால் அரே ஆட்டோ-ரீட்-ஒன்லியில் இருக்கிறது; முதல் எழுத்து வரும்வரை காத்திருக்கும். `எம்டிஏடிஎம் --ரீட்ரைட் /டெவ்/எம்டி0` போதும்.

டெபியன் குடும்பத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று எம்டிஸ்டாட்டில் ஏதோ ஓடுவதாகக் கண்டு பலர் கலங்குவதுண்டு. வரியில் `செக்` என்று இருந்தால் அது மாதாந்திரச் சோதனை, ரீபில்ட் அல்ல. இடைஞ்சலாக இருந்தால் சிங்க்_ஆக்‌ஷன் ஃபைலில் `ஐடில்` எழுதி அன்றைக்கு நிறுத்தலாம். அடியோடு அணைத்துவிடாதீர்கள். யாரும் திறக்காத பழைய ஃபைல்களின் அடியில் செத்த செக்டர்களை, ரீபில்ட் அன்று முட்டிக்கொள்ளும் முன் கண்டுபிடிப்பது இதுதான்.

## சோதனை முடிந்தது, மிஸ்மேட்ச்_சிஎன்டி பூஜ்யமில்லை

இது சோதனையில் பொருந்தாமல் போன இடங்களின் கணக்கு. ரெய்டு 1இலும் 10இலும், குறிப்பாக ஸ்வாப் இருந்தால், கொஞ்சம் எண் வருவது சகஜம். ரெய்டு 5, 6இல் வரக்கூடாது. வந்தால் உடனே `ரிப்பேர்` எழுத வேண்டாம். ரிப்பேருக்கு எது சரியான டேட்டா என்று தெரியாது. இருக்கும் டேட்டாவை உண்மை என்று நம்பிப் பாரிட்டியை மாற்றி எழுதிவிடும். ரெய்டு 6இலும் எம்டி அவ்வளவுதான் செய்கிறது, இரண்டு பாரிட்டி இருந்தும். மெம்டெஸ்ட் ஒரு இரவு ஓட்டுங்கள், 199ஐப் பாருங்கள், அண்மையில் கரண்ட் போனதா என்று யோசியுங்கள். காரணம் அகன்ற பிறகு, பேக்கப்போடு ஒப்பிட்டுவிட்டு ரிப்பேர்.

## டிஸ்க் சேர்த்தாகிவிட்டது, டிஎஃப் பழைய அளவையே காட்டுகிறது

`--ஆட்` மட்டும் செய்தால் புது டிஸ்க் ஸ்பேராக உட்காரும். விரிவாக்க இது வேண்டும்:

`எம்டிஏடிஎம் --குரோ /டெவ்/எம்டி0 --ரெய்டு-டிவைசஸ்=5 --பேக்கப்-ஃபைல்=/ரூட்/எம்டி0.பேக்`

பேக்கப் ஃபைல் இதே அரேயில் இருக்கக்கூடாது. பிட்மேப் இருப்பதால் சில கெர்னல்கள் மறுக்கும்; `--பிட்மேப்=நன்` கொடுத்துக் கழற்றிவிட்டு, முடிந்ததும் திரும்ப மாட்டுங்கள். ரீஷேப் நாள் கணக்கில் ஓடும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். நடுவில் அணைந்தால் அடுத்த அசெம்பிளில் விட்ட இடத்திலிருந்து தொடரும், பேக்கப் ஃபைல் பயன்பட்டிருந்தால் அதையும் கேட்கும். டிஸ்க்குகளையே ஒவ்வொன்றாகப் பெரியதாக மாற்றியவர்கள் பார்ட்டிஷனையும் பெரிதாக்கிவிட்டு `--குரோ --சைஸ்=மேக்ஸ்` ஓட்ட வேண்டும்.

அதன் பிறகும் ஃபைல் சிஸ்டத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இஎக்ஸ்டி4க்கு `ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எம்டி0`. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு `எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்`, அதோடு மவுண்ட் ஆகியிருக்கும் ஃபோல்டர். நடுவில் எல்விஎம் இருந்தால் முதலில் `பிவிரீசைஸ்`, பிறகு லாஜிக்கல் வால்யூம். எக்ஸ்எஃப்எஸ் பெரிதாகும், சிறிதாகாது.

## ரெய்டு 1தான், ஆனாலும் முதல் டிஸ்க் போனதும் பூட் ஆகவில்லை

பூட்லோடர் ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்திருக்கிறது. பயாஸ் முறையில் `கிரப்-இன்ஸ்டால்` இரண்டு டிஸ்க்கிலும் ஓட வேண்டும். டெபியனில் `டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி` கேட்கும்போது இரண்டையும் டிக் செய்யுங்கள். யுஇஎஃப்ஐயில் பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷன் ரெய்டுக்கு வெளியே இருக்கும். இரண்டாவது டிஸ்க்கிலும் ஒன்று உண்டாக்கி, உள்ளடக்கத்தை நகலெடுத்து, `இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்` கொண்டு பூட் வரிசையில் சேர்த்துவிடுங்கள். பிறகு முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி ஒருமுறை பூட் செய்து பார்த்தால்தான் அது ரெய்டு 1.

## டிஸ்க் போய் மாதக்கணக்காகியும் யாருக்கும் தெரியவில்லை

முன்னே பார்த்த எஸ்டிஇ1 கதை. எம்டிஏடிஎம்.கான்ஃபில் `மெயில்ஆடர்` வரி (முழுக்கப் பெரிய எழுத்து, கடைசிப் பகுதி அட்ரஸ் என்பதன் சுருக்கமாக டி இரட்டித்து வரும்) இருந்தும், சிஸ்டத்தில் மெயில் அனுப்பும் சர்வீஸே இல்லாமல் இருப்பதுதான் வழக்கமான காரணம். சோதிக்க:

`எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --ஒன்ஷாட் --டெஸ்ட்`

ஒவ்வொரு அரேக்கும் ஒரு சோதனை மெயில் வர வேண்டும். வரவில்லையென்றால் ஸ்பேம் ஃபோல்டரையும் மெயில் லாகையும் பாருங்கள். மெயில் செட்டப் தொல்லையாக இருந்தால் அதே ஃபைலில் `ப்ரோக்ராம்` வரியில் ஒரு ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுக்கலாம். நிகழ்வின் பெயர், அரேயின் பெயர், டிஸ்க்கின் பெயர் மூன்றையும் எம்டிஏடிஎம் அதற்கு அனுப்பும். அங்கிருந்து மொபைலுக்குத் தள்ளுவது உங்கள் விருப்பம். கூடவே ஸ்மார்ட் எண்களைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி சர்வீஸையும் ஓடவிடுங்கள். எம்டி சொல்வது டிஸ்க் விழுந்த பிறகு. 197 ஏறுவதை அது சொல்லாது.